வாசகர் கேள்வி-பதில்: வண்டு விழுந்த அரிசியும் பூஞ்சை பிடித்த கடலையும்

(தானியச் சேமிப்பு பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் எழுதுபவர், காவிரி டெல்டாவில் நெல், அரிசிக் கிடங்குகளில் தர ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர்.)

அம்மா, 25 கிலோ பொன்னி அரிசி வாங்கி, கழுவித் துடைத்த எவர்சில்வர் டிரம்மில் கொட்டி இறுக மூடி வைத்தேன். ஒரு மாதத்தில் கறுப்பு வண்டு ஊர்கிறது. மூடிய டிரம்முக்குள் எப்படி வந்தது? அரிசியைச் சாப்பிடலாமா, கொட்டிவிடலாமா?
— ஒரு வாசகி, மன்னார்குடி

வண்டு உங்கள் வீட்டில் வரவில்லை. அரிசிக்குள் இருந்தபடியே வந்திருக்கிறது.

நீங்கள் பார்த்தது கூன்வண்டு. முகத்தில் மூக்கு மாதிரி ஒன்று நீண்டிருக்கும், கவனித்துப் பாருங்கள். பெண் வண்டு அந்த மூக்கின் நுனியில் உள்ள வாயால் அரிசியைத் துளைத்து, உள்ளே ஒரு முட்டையை வைத்து, பசை போன்ற ஒன்றால் துளையை அடைத்துவிடும். அப்புறம் அந்த அரிசியைக் கையில் வைத்துப் பார்த்தாலும் நமக்கு வித்தியாசம் தெரியாது. புழு உள்ளேயே தின்று, உள்ளேயே கூட்டுப்புழுவாகி, நம் ஊர் வெப்பத்தில் ஏறக்குறைய ஒரு மாதத்தில் வண்டாக வெளியே வரும். உங்கள் கணக்கும் ஒரு மாதம்தானே? ஆலையிலோ கடையிலோ பழைய சாக்கிலோ இட்ட முட்டை, உங்கள் டிரம்மில் பொரிந்திருக்கிறது.

கொட்ட வேண்டாம். கூன்வண்டு நஞ்சில்லை. வெளிச்சமும் காற்றும் உள்ள இடத்தில் துணி விரித்து அரிசியை மெல்லிசாகப் பரப்புங்கள். வண்டுக்கு வெளிச்சம் பிடிக்காது, தானே ஓடும். பிறகு புடைத்து, களையும்போது மேலே மிதப்பதை வடித்துவிட்டுச் சமைக்கலாம். பாதி அரிசி கூடாகப் போய், மாவாக உதிர்ந்து, ஒரு மக்கல் வாடை வந்துவிட்டால் மட்டும் சமைக்காதீர்கள். உச்சி வெயிலில் மட்டும் போடவே போடாதீர்கள். அரிசியில் விரிசல் விழும். சாதம் குருணையாகக் குழையும்.

ஆனால் புடைப்பதோடு முடியாது. உள்ளே இருக்கும் புழுக்கள் இரண்டு மூன்று வாரத்தில் அடுத்த படையாக வரும். ஃப்ரீசரில் இடமிருந்தால் கொஞ்சம் கொஞ்சமாகப் பையில் கட்டி ஒரு வாரம் வைத்து எடுங்கள். முட்டை முதல் வண்டு வரை எல்லாமே செத்துவிடும். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காதீர்கள். அறைச் சூட்டுக்கு வந்த பிறகு பிரித்தால்தான் அரிசியில் ஈரம் படியாது. இடமில்லை என்றால், வேளாண் பல்கலைக்கழகம் கோவையில் உருவாக்கிய பூச்சிப் பொறி ஒன்று இருக்கிறது. 2 மில்லிமீட்டர் துளைகள் போட்ட குழாய், அடியில் கூம்பு. டிரம்மில் செங்குத்தாகச் செருகினால், காற்று தேடி அலையும் வண்டு துளை வழியாக உள்ளே போய்க் கூம்பில் விழும். ஏற முடியாது. முட்டையிடப் போகும் வண்டைத் தினமும் பிடித்துக் கொட்டிக்கொண்டே இருந்தால் அடுத்த படை மெலியும்.

இன்னொன்று. அடுத்த மூட்டை வாங்கும்போது பழைய அரிசியின் மேல் கொட்டாதீர்கள். டிரம்மின் அடி மடிப்பில் தங்கும் மாவைப் பிரஷ் போட்டுத் தேய்த்து எடுங்கள். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு 25 கிலோ எதற்கு என்றும் ஒருமுறை யோசியுங்கள்.

வேப்பிலை, காய்ந்த மிளகாய், வசம்பு, போரிக் பவுடர் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எது உண்மை?
— கல்லூரி மாணவி, திருச்சி

போரிக் பவுடரை முதலில் தள்ளி வையுங்கள். அது கரப்பானுக்கு வைக்கும் மருந்து. கழுவினால் போய்விடும் என்று நம்பி, குழந்தை சாப்பிடும் அரிசியில் கலப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

காய்ந்த மிளகாயைப் பொறுத்தவரை ஒன்று சொல்கிறேன். மிளகாய், மல்லி, மஞ்சள் எல்லாவற்றையும் துளைத்துத் தின்று வாழும் சின்னப் பழுப்பு வண்டு ஒன்று உண்டு. சிகரெட் வண்டு என்பார்கள். மசாலா டப்பாவில் பார்த்திருப்பீர்கள். மிளகாயையே தின்னும் வண்டு இருக்கும்போது, நான்கு மிளகாய் டிரம்மைக் காக்கும் என்று நம்பி இருக்க முடியாது.

வேப்பிலையும் நொச்சியும் ஓரளவு விரட்டும். உள்ளே இருக்கும் புழுவை ஒன்றும் செய்யாது. ஆனால் இலையை நிழலில் சருகாகக் காயவைத்துத்தான் போட வேண்டும். மரத்திலிருந்து பறித்த பச்சை இலையை அப்படியே போடுகிறவர்கள் நிறையப் பேர். அந்த இலையின் ஈரம் முழுக்க அரிசிக்குப் போகும். வண்டை விரட்டப் போய்ப் பூஞ்சையைக் கூப்பிட்டுக்கொள்கிறோம். வசம்புத்தூளை விதைக்கு வைக்கும் தானியத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், சாப்பாட்டுத் தானியத்தில் வேண்டாம்.

தோட்டத்துக் கடலையை உரித்துச் சாக்கில் வைத்திருந்தோம். மழையில் கொட்டகை ஒழுகி, ஒரு பக்கம் பச்சையும் மஞ்சளுமாகப் பூத்திருக்கிறது. மாமியார், "கழுவிக் காயவைத்து வறுத்தால் சரியாகிவிடும், நாங்கள் காலம் காலமாக அப்படித்தான் செய்கிறோம்" என்கிறார். செய்யலாமா?
— ஒரு வாசகி, விழுப்புரம் மாவட்டம்

கூடாது. உங்கள் அத்தையிடம் இந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டுங்கள்.

வண்டு விழுந்த அரிசியை அருவருப்பில் குப்பையில் கொட்டுகிறோம். பூஞ்சை பிடித்த கடலையைச் சிக்கனம் என்று சொல்லி வறுக்கிறோம். இது அப்படியே தலைகீழாக இருக்க வேண்டும். என் வேலைக்காலம் முழுவதும் நான் கண்ட பெரிய குறை இதுதான்.

மஞ்சள்பச்சையாகப் பூக்கும் பூஞ்சை பெரும்பாலும் ஆஸ்பெர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் வகை. அது உண்டாக்கும் நஞ்சு அஃப்ளாடாக்சின். கழுவினால் மேலே உள்ள தூள் போகும், பருப்புக்குள் இறங்கிய நஞ்சு போகாது. வேகவைத்தாலும் போகாது. வறுத்தால் கொஞ்சம் குறையும், நம்பி உண்ணும் அளவுக்குக் குறையாது. கண்ணுக்குத் தெரியாது, பல நேரம் வாசனையும் இருக்காது. கல்லீரலைத் தாக்கும். நீண்ட நாள் உடம்பில் சேர்ந்தால் கல்லீரல் புற்றுநோய் வரை கொண்டுபோகும். மஞ்சள்காமாலை பி கிருமி உடம்பில் உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து பல மடங்கு. நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதி, ஒரு கிலோ தானியத்திலோ பருப்பிலோ 15 மைக்ரோகிராமுக்கு மேல் இது இருக்கக் கூடாது என்கிறது. ஒரு கிராமைப் பத்து லட்சமாகப் பிரித்து, அதில் 15 பங்கு. அவ்வளவு கொஞ்சத்துக்கே தடை.

இந்த நஞ்சை உலகம் அடையாளம் கண்டதே கடலையால்தான். 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் காரணம் தெரியாமல் செத்தன. தேடிப் பார்த்தபோது, பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில் இருந்த பூஞ்சை நஞ்சு என்று தெரிந்தது. நம் நாட்டிலும் நடந்திருக்கிறது. 1974-இல் ராஜஸ்தானின் பான்ஸ்வாடா, குஜராத்தின் பஞ்சமகால் மாவட்டங்களில், மழையில் நனைந்த மக்காச்சோளத்தைச் சேமித்து வைத்துச் சாப்பிட்ட பழங்குடிக் கிராமங்களில் மஞ்சள்காமாலை பரவியது. வயிறு வீங்கியது. பதிவான ஏறக்குறைய 400 நோயாளிகளில் 106 பேர் இறந்தார்கள். அதே உணவைத் தின்ற வீட்டு நாய்களும் செத்தன. அந்த மக்களுக்கு வேறு உணவு இல்லை. பூஞ்சை பிடித்தது என்று தெரிந்தும் தின்றவர்கள் அதில் இருந்திருப்பார்கள். ஒவ்வொரு மழைக்காலத்திலும் எனக்கு அவர்கள் நினைவு வரும்.

சாக்கில் பூத்த பக்கத்தை முழுவதும் அப்புறப்படுத்துங்கள். அதை ஒட்டியிருக்கும் கடலையையும் சேர்த்து எடுத்துவிடுங்கள். மூக்கிலும் வாயிலும் துணி கட்டிக்கொண்டு அள்ளுங்கள், அந்தத் தூளை முகர வேண்டாம். நனையாத பக்கத்துக் கடலையை ஒவ்வொன்றாகப் பொறுக்குங்கள். சுருங்கியது, நிறம் மாறியது, உடைந்தது, தோல் கறுத்தது எதையும் வைக்காதீர்கள். நஞ்சு பெரும்பாலும் அப்படிப்பட்ட பருப்பில்தான் இருக்கும். வாயில் போட்ட கடலை கசந்தால் துப்பிவிடு என்று பெரியவர்கள் சொல்வது மிகச் சரியான வழக்கம். குழந்தைகளுக்கும் சொல்லிக்கொடுங்கள்.

அடுத்த விளைச்சலைத் தோலோடு வையுங்கள். உரித்த பருப்பைவிடத் தோலோடு இருக்கும் கடலை நன்றாகத் தாங்கும். குலுக்கினால் உள்ளே பருப்பு கலகலவென்று ஆட வேண்டும். அதுவரை காயவிடுங்கள்.

அப்படியானால் அந்தக் கடலையை மாட்டுக்குப் போடலாமா? செக்கில் ஆட்டிவிடலாமா?
— அதே கடிதத்தின் கடைசியில்

இரண்டும் வேண்டாம். செக்கில் ஆட்டினால் நஞ்சின் பெரும்பகுதி பிண்ணாக்கில் தங்கும், எண்ணெயிலும் கொஞ்சம் வரும். பிண்ணாக்கைத் தின்ற மாட்டின் பாலில் அந்த நஞ்சு வேறு வடிவத்தில் வரும். காய்ச்சினாலும் போகாது. அந்தப் பாலைக் குடிப்பது உங்கள் வீட்டுப் பிள்ளைதான். குழி தோண்டிப் புதையுங்கள்.

குறுவை அறுத்த அன்றே மழை. நெல்லைக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடி வைத்தேன். மூன்றாம் நாள் கையை விட்டால் சுடுகிறது. கொஞ்சம் முளைத்தும் விட்டது. கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பதம் வரை வாங்குவார்கள் என்கிறார்கள். அந்த அளவுக்குக் காயவைத்தால் வீட்டுக்கும் மூட்டை கட்டி வைக்கலாமா?
— விவசாயி, நீடாமங்கலம் அருகே

தம்பி, 17 என்பது வாங்குவதற்கான அளவு, வைத்திருப்பதற்கானது இல்லை. கொள்முதல் செய்த நெல் அரவைக்குப் போகிறது. வீட்டில் மாதக் கணக்கில் வைக்கும் நெல்லுக்கு 12, 13 சதவீதம் வரை ஈரம் இறங்கியே ஆக வேண்டும். 14-ஐத் தாண்டினால் பூஞ்சைக்கு வழி திறந்தாயிற்று.

குவியல் ஏன் சுட்டது என்றால், நெல்லுக்கு உயிர் இருக்கிறது, ஈரமாக இருந்தால் வேகமாக மூச்சு விடும். அந்த மூச்சில் சூடும் ஈரமும் வரும். அந்தச் சூட்டில் பூஞ்சை வளரும். பூஞ்சையும் மூச்சு விடும், இன்னும் சூடேறும். தார்ப்பாய் அத்தனையையும் உள்ளேயே பிடித்து வைக்கும். கிடங்கில் காய்ந்த மூட்டைக்குள்ளும் இதே கதை வேறு விதமாக நடக்கும். வண்டு ஓரிடத்தில் பெருகினால் அதன் மூச்சுக்காற்றின் ஈரத்தால் அந்த இடம் வேர்க்கும், பிறகு அங்கே பூஞ்சை பிடிக்கும். அட்டி போட்ட, அதாவது ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய, மூட்டைகளின் இடுக்கில் கையை விட்டுச் சூடு பார்ப்பது எங்கள் அன்றாட வேலை. ஒரு மூட்டை மட்டும் கதகதவென்று இருந்தால், பிரித்துப் பார்க்காமலே வண்டு என்று சொல்லிவிடலாம்.

இப்போது செய்ய வேண்டியது: மழை விட்ட நேரமெல்லாம் தார்ப்பாயை எடுங்கள். குவியலைக் கலைத்து, கூரை உள்ள இடம் எதுவாக இருந்தாலும் நான்கு விரல் கனத்துக்குமேல் இல்லாமல் பரப்புங்கள். மின்விசிறி, தூற்றும் விசிறி எது இருந்தாலும் ஓடவிட்டு, அடிக்கடி காலால் கிளறிக்கொடுங்கள். வெயில் வந்தால் களத்தில் போடலாம். ஆனால் ஈர நெல்லை ஒரேயடியாகச் சுடுவெயிலில் காயவைத்தால் அரவையில் நொறுங்கும். வெயிலில் கொஞ்சம், நிழலில் கொஞ்சம் என்று மாற்றிப் போடுங்கள். முளைத்ததையும் மஞ்சளாக மாறியதையும் பிரித்துவிடுங்கள். பூசண வாடை அடிக்கும் நெல்லைச் சாப்பாட்டுக்கு வைக்காதீர்கள்.

மீட்டர் இல்லாதவர்கள் ஈரம் பார்க்க ஒரு வழி: நன்றாகக் காய்ந்த கண்ணாடி பாட்டிலில் ஒரு கை நெல், காய்ந்த தூள் உப்பு ஒரு கரண்டி. மூடிச் சில நிமிடம் குலுக்கிவிட்டு அசையாமல் வையுங்கள். உப்பு பாட்டில் சுவரில் ஒட்டிக்கொண்டால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல். ஒட்டாவிட்டால் அதற்குக் கீழே வந்துவிட்டது. இன்னும் ஒரு நல்ல வெயில் காட்டிப் பல்லால் கடித்துப் பாருங்கள், டக்கென்று உடைய வேண்டும்.

முடிந்தால் நெல்லாகவே வையுங்கள், மாதத்துக்கு வேண்டியதை மட்டும் அரைத்துக்கொள்ளுங்கள். உமி நல்ல கவசம். நெல் அந்துப்பூச்சியும் துளைப்பான் வண்டும் அதையும் தாண்டி வரும் என்றாலும், அரிசியாக வைப்பதோடு ஒப்பிட்டால் சேதம் குறைவு.

தகரக் குதிரில் நன்கு காய்ந்த நெல்லைத்தான் கொட்டினேன். மேலாக ஒரு சாண் அளவு மட்டும் பூசணம். ஏன்?
— வாசகர், பட்டுக்கோட்டை

களத்திலிருந்து சூட்டோடு அள்ளிக் கொட்டியிருப்பீர்கள். சூடான காற்று மேலே ஏறி, இரவில் குளிர்ந்த தகர மூடியில் பட்டு வேர்த்து, சொட்டுச் சொட்டாக நெல்லின் மேல் விழும். ஓர் இரவு நிழலில் ஆறவிட்டுக் கொட்டுங்கள். குதிர் வெளிச்சுவரை ஒட்டி இருக்கக் கூடாது. அடியில் மரச்சட்டம் போடுங்கள்.

உரக்கடையில் ஒரு மாத்திரை கொடுத்தார்கள். அரிசி மூட்டைகள் இருக்கும் அறையில் துணியில் சுற்றி வைத்தால் வண்டெல்லாம் செத்துவிடும் என்றார்கள். அதற்கு அடுத்த அறையில்தான் நாங்கள் படுக்கிறோம். ஒன்றும் ஆகாதே?
— ஒரு வாசகர், தஞ்சாவூர் மாவட்டம்

வைக்காதீர்கள். இதை வாசிக்கும்போதே வைத்திருந்தால், அடுத்த வரியைப் படிப்பதற்கு முன் எல்லோரும் வீட்டை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.

அது அலுமினியம் பாஸ்பைடு. காற்றிலுள்ள ஈரம் பட்டதும் பாஸ்பீன் என்ற வாயுவாக மாறும். கதவிடுக்கு, ஜன்னல் சந்து, சுவர் விரிசல் எல்லாவற்றிலும் புகுந்து அடுத்த அறைக்கு வரும். தூங்குகிறவர்களுக்குத் தெரியாது. பூண்டு வாடையோ அழுகிய மீன் வாடையோ அடிக்கும் என்பார்கள். அதை நம்ப முடியாது, வாடை தெரியாத அளவிலும் அது ஆளைக் கொல்லும். மாற்று மருந்து கிடையாது. வீட்டில் வைத்த மாத்திரையால் குழந்தைகள் இறந்த செய்தி நம் நாட்டில் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கிறது. பொதுமக்களுக்கு இதை விற்கவே கூடாது என்பது விதி. அரசுக் கிடங்குகளும் அனுமதி பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டு நிறுவனங்களும் மட்டுமே பயன்படுத்தலாம். உங்களுக்கு விற்றவர் சட்டத்தை மீறியிருக்கிறார்.

கிடங்கில் நாங்கள் எப்படிச் செய்வோம் தெரியுமா? மூட்டை அட்டியை வாயு கசியாத விரிப்பால் மூடி, ஓரம் முழுக்க மணல் பையால் அழுத்தி, கிடங்கைப் பூட்டி, எச்சரிக்கைப் பலகை மாட்டிவிட்டு, ஒரு வாரத்துக்கு ஆளை அண்டவிட மாட்டோம். பிரித்த பிறகும் காற்றோட்டம் விட்டுத்தான் உள்ளே போவோம். அப்படி முறையாக மூடாமல் அரைகுறையாகப் புகை போட்டுப் போட்டு, இந்த மருந்துக்கே சாகாத வண்டுகள் உருவாகிவிட்டன. துணியில் சுற்றி வைக்கும் மாத்திரையால் அரிசிக்குள் இருக்கும் புழு சாவது சந்தேகம். ஆபத்து முழுக்க மனிதருக்குத்தான்.

ஏற்கெனவே வைத்தவர்களுக்கு: போகிற போக்கில் திறக்க முடிந்த கதவுகளைத் திறந்துவிட்டு வெளியேறுங்கள். மாத்திரையை எடுக்கத் திரும்பப் போகாதீர்கள். அதன் மேல் தண்ணீர் ஊற்றவே கூடாது, வாயு இன்னும் வேகமாக வரும். தீயணைப்புத் துறையை 101-இல் கூப்பிடுங்கள். தலைவலி, வாந்தி, மூச்சுத் திணறல், நெஞ்சு அழுத்தம் யாருக்கு இருந்தாலும் உடனே 108. மருத்துவரிடம் மாத்திரையின் பெயரைச் சொல்லுங்கள். ஏதோ சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து நேரம் போக்கியதால் பறிபோன உயிர்கள் உண்டு.

பிரிக்காத பாக்கெட் பச்சைப்பயறில் வண்டு. கடைக்காரரைத் திட்டலாமா?
— சென்னை வாசகர்

அவர் மட்டும் காரணமில்லை. பயறு வண்டு வயலிலேயே, முற்றிய காயின் மேல் முட்டையிடத் தொடங்கிவிடும். பயறின் மேல் வெள்ளைப் புள்ளி மாதிரி ஒட்டியிருப்பது அந்த முட்டைதான். புழு தோலைத் துளைத்து உள்ளே போகும். வளர்ந்து வண்டானதும் வட்டமாக ஓட்டை போட்டு வெளியே வரும். வெளியே வந்த வண்டு பயறைத் தின்பதில்லை, முட்டையிட்டு முட்டையிட்டுச் சாகும். அதனால் வண்டைக் கண்ட பிறகு தாமதிக்கக் கூடாது.

முழுப் பயறின் வழவழப்பான மேல்தோலில்தான் அது விரும்பி முட்டையிடும். துவரையைப் பருப்பாக உடைத்து வைத்தால் இந்தத் தொல்லை பெரிதும் போய்விடும். உடைக்க முடியாததற்குக் கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெயோ ஆமணக்கெண்ணெயோ தடவிப் பிசறி வையுங்கள். முட்டை மூச்சடைத்துச் சாகும். தென் மாவட்டங்களில் துவரைக்குச் செம்மண் கட்டி வைப்பதும் நல்ல முறைதான். மண் பூச்சு முட்டையிட இடம் கொடுக்காது. உங்களுக்கு அடுக்குமாடி வீடு, செம்மண்ணுக்கு எங்கே போவது? அரைக்கிலோ பாக்கெட்டாக வாங்கி, வந்ததும் ஒரு வாரம் ஃப்ரீசரில் போட்டு எடுங்கள், போதும்.

கேழ்வரகுக்கும் இதெல்லாம் வேண்டுமா?
— வாசகி, தருமபுரி

காய்ந்திருந்தால் கவலையே வேண்டாம். கேழ்வரகு மணி பொடியாக இருப்பதால் கூன்வண்டு உள்ளே குடியிருந்து வளர இடமில்லை. வருடக்கணக்கில் கெடாமல் இருக்கும். ஆனால் மாவாக அரைத்துவிட்டால் சிவப்பு மாவு வண்டு பிடிக்கும். இரண்டு வாரத்துக்கு வேண்டிய அளவு மட்டும் அரையுங்கள். தினை, சாமை, வரகு எல்லாம் தோல் நீக்கியதும் சீக்கிரம் காறல் வாடை அடித்துவிடும். அவற்றையும் அப்படியே கொஞ்சமாக வாங்குங்கள்.